முதிரையில் அம்பு செய்யலாமா?

வணக்கம் ஐயா,

என்னிடம் 40 றாத்தல் இழுவிசையுள்ள நீள்வில் இருக்கிறது. காபன் அம்பை விட்டு மர அம்புக்கு மாற விருப்பம். மரக்காலையில் முதிரைத் துண்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. அதில் செய்தால் சரிவருமா? மாரியில் மர அம்பு கோணிவிடும் என்றும் சொல்கிறார்களே?

வாசகர், மாங்குளம்

அன்புள்ள தம்பிக்கு,

முதிரை வேண்டாம். மேசைப் பலகையில் அது அலையலையாய் மினுங்குவது நார்கள் பின்னி ஓடுவதால்தான். அம்பில் அந்த அழகே ஆபத்து. நார் நுனிவரை ஓடாமல் பக்கவாட்டில் வெளியேறும் இடத்தில் தண்டு முறியும். முறிந்த கூர் வில் பிடித்த கையில் ஏறும். பாரமும் அதிகம். 8 மில்லிமீற்றர் தடிப்பில் 28 அங்குலத் தண்டு மட்டுமே 30 கிராமைத் தாண்டும். இழுவிசையின் ஒரு றாத்தலுக்கு 10 கிரெயின் (ஏறக்குறைய 0.65 கிராம்) கணக்கில் உங்கள் வில்லுக்கு முனை, இறகு எல்லாம் சேர்த்து 26 கிராம் போதும்.

உள்ளூர் மரம்தான் வேண்டுமென்றால் நேர்நார்த் தேக்கு. அதுவும் கொஞ்சம் பாரம்தான், அம்பு தாழ்ந்து போகும், ஆனால் எய்யலாம். வாளால் அறுக்காமல் கத்தி வைத்துப் பிளவுங்கள், பிளவு நாரோடு போகும். தேக்கில் எண்ணெய் இருப்பதால் ஒட்டுமுன் தின்னரால் துடைக்காவிட்டால் இறகு கழன்றுவிடும். ஓர் அம்பின் மூன்று இறகும் ஒரே பக்கச் சிறகினதாக இருக்கட்டும்.

தண்டின் விறைப்பை, அதாவது அது எவ்வளவு வளையாமல் நிற்கிறது என்பதை, அளக்காமல் எய்யாதீர்கள். 26 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணிகள் மேல் தண்டை வைத்து நடுவில் 2 றாத்தல் பாரத்தைத் தொங்கவிடுங்கள். 16, 17 மில்லிமீற்றர் தாழ்ந்தால் 40 றாத்தல் வில்லுக்கு அண்ணளவாகச் சரி. தண்டை உருட்டி உருட்டி அளந்து, குறைவாகத் தாழும் பக்கம் வில்லோடு உரசும்படி நாண் வெட்டை (அம்பின் பின்முனையில் நாண் பொருந்தும் பிளவை) போடுங்கள். ஒரு கட்டு அம்புகளுக்குள் 2 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் கூடாது. தேய்ப்பதில் அவசரம் வேண்டாம்: தடிப்பில் பத்தில் ஒன்று போனால் விறைப்பில் மூன்றில் ஒன்று போய்விடும்.

கோணுவது உண்மைதான். நாண் வெட்டிலும் முனை ஏறும் இடத்திலும் வாணிஷ் படாவிட்டால் ஈரம் அங்கிருந்துதான் ஏறும். சுவரில் சாய்க்காமல் தொங்கவிடுங்கள். கோணியதைத் தணலில் இளஞ்சூடாக்கி, எதிர்ப்பக்கம் வளைத்து ஆறும்வரை பிடித்தால் நிமிரும். நனைந்து படிந்த இறகுக்குத்தான் மழை நேரத்தில் வழியில்லை.

இவ்வளவு பாடுபடுவதற்கும் பலன் உண்டு. காபனைவிடப் பாரமான அம்பில் வில் கையை உதறாது, சத்தமும் குறையும். உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் நீள்வில் பிரிவிலும் மர அம்புதான் விதி.

ஒவ்வொரு முறையும் எய்யுமுன் அம்பை மெல்ல வளைத்துக் காது கொடுங்கள். ‘கிறுக்’ என்றால் அடுப்புக்குள் போடுங்கள். இலக்குக்குப் பின்னால் வைக்கோல் கட்டுகளை அடுக்குங்கள். காய்ந்த புல்லில் மர அம்பு கண்ணுக்குப் படாது. தேடிப் பற்றைக்குள் இறங்குமுன் அது கண்ணிவெடி அகற்றிய காணிதானா என்று விசாரியுங்கள்.