டியூப் ஆம்ப் வாங்கினால்தான் நல்ல டிஸ்டார்ஷன் கிடைக்குமா?

அடுக்குமாடி வீட்டில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அப்படியென்றால் என் பதில்: வேண்டாம், அந்தப் பணத்தை மிச்சப்படுத்தி, கம்ப்யூட்டரில் ஆம்பைப் போல ஒலிக்கும் சாஃப்ட்வேரில் வாசியுங்கள்.

சிக்னலைப் பெருக்கும் வெற்றிடக் குழாயான டியூபுக்கு இருக்கும் பெயர் சும்மா வந்ததல்ல. சிக்னல் ஏற ஏற அது அலையின் உச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக மழுக்கும்; அலை இப்படிச் சிதைவதுதான் டிஸ்டார்ஷன். சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்பை அதன் அளவைத் தாண்டித் திருகினால் உச்சியைச் சட்டென்று வெட்டிவிடும், காதில் கரகரக்கும். ஆனால் 'டியூப் என்றாலே இரட்டைப்படை ஹார்மானிக்ஸ், அதனால்தான் இனிமை' என்பது பாதிக்கதை. (ஹார்மானிக்ஸ் என்பது மூல ஸ்வரத்தின் அதிர்வெண்ணைப் போல 2, 3, 4 மடங்குகளில் கூடவே ஒலிப்பவை.) ஆம்பின் முன்பகுதியில் இருக்கும் 12ஏஎக்ஸ்7 என்ற சிறிய டியூப் அதைத் தரும், சரி. மார்ஷல் போன்ற ஆம்ப்களின் பவர் பகுதியில் டியூப்கள் ஜோடியாக, ஒன்று தள்ள மற்றொன்று இழுக்கும் புஷ்-புல் முறையில் ஓடுகின்றன; அங்கே உருவாகும் இரட்டைப்படை ஹார்மானிக்ஸ் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, ஒற்றைப்படைதான் மிஞ்சும்.

இன்னொரு வேடிக்கை. டியூப் பக்தர்கள் பலர் ஆம்புக்கு முன்னால் வைக்கும் ட்யூப் ஸ்க்ரீமர் பெடலுக்குள் டியூபே கிடையாது. சிக்னலைப் பெருக்கும் ஒரு ஆப்-ஆம்ப் சிப், அதன் ஃபீட்பேக்கில் அலையின் உச்சியை மழுக்க இரண்டு டையோடு, அவ்வளவுதான். பாண்டெரா என்ற மெட்டல் குழுவின் கிட்டாரிஸ்ட் டைம்பேக் டேரல் 90களில் ராண்டல் சாலிட் ஸ்டேட் (டிரான்சிஸ்டர்) ஆம்ப்களில்தான் அந்தக் கொலைகார சவுண்டை எடுத்தார்.

டியூப் ஆம்ப் உண்மையிலேயே தனித்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. வால்யூமை நன்றாக ஏற்றி, பவர் டியூப்களே திணறும்போது, குறிப்பாக ஏசி மின்சாரத்தை டிசியாக்கும் ரெக்டிஃபையரும் டியூபாக இருந்தால், பலமாக ஒரு கார்டு அடித்தவுடன் சப்ளை வோல்டேஜ் சற்றே இறங்கி மெதுவாக மீளும். ஒலி அமுங்கி, பிறகு விரிவது விரலிலேயே தெரியும். ஆனால் 5 வாட் ஆம்பில்கூட இந்த நிலைக்குப் போனால் மாடி வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். நீங்கள் காசு கொடுத்து வாங்கும் விஷயம் வீட்டில் கிடைக்கவே போவதில்லை.

எல்லோரும் மறந்துவிடுவது ஸ்பீக்கரை. 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகக் கைவிட்டுவிடும். எந்த டிஸ்டார்ஷனையும் அது இல்லாமல் நேரே ஹெட்ஃபோனில் கேட்டுப்பாருங்கள், ஈ மொய்க்கிற மாதிரி இருக்கும். சாஃப்ட்வேரில் அந்த வேலையைச் செய்வது, ஸ்பீக்கரின் ஒலித்தன்மையைப் பதிந்து வைத்த ஐஆர் (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்) ஃபைல். "பிளக்-இன் (ஆம்ப் சாஃப்ட்வேர்) சரியில்லை" என்று புலம்புகிறவர்கள் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான்.

சாஃப்ட்வேருக்கும் ஒரு வியாதி உண்டு: ஏலியாசிங், அதாவது டிஜிட்டல் கணக்கில் அடங்காத உயர் அதிர்வெண்கள் தவறான ஸ்வரங்களாகத் திரும்பி வருவது. கெயினை ஏற்றி, முதல் தந்தியில் மேல் ஃப்ரெட் ஒன்றில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து பெண்ட் செய்யுங்கள். ஸ்வரம் மேலே போகும்போது பின்னால் மெலிதாக ஏதோ கீழே இறங்குவது கேட்டால் அதுதான். ஓவர்சாம்ப்ளிங் (ஒலியை இன்னும் நெருக்கமான இடைவெளியில் கணக்கிடுவது) 4எக்ஸ் அல்லது 8எக்ஸ் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும், கம்ப்யூட்டர் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்து வைத்துக் கணக்கிடும் பஃபரை 128 சாம்பிளுக்கு மேல் ஏற்றாதீர்கள், ஒலி தாமதமாக வரும். 48 கிலோஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 2.7 மில்லி செகண்ட் தாமதம், போக வர இரண்டு மடங்கு. நியூரல் ஆம்ப் மாடலர் என்ற ஆம்ப் சாஃப்ட்வேர் இலவசம்தான், முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். கைவசம் இருக்கும் பணத்தில் கிட்டாரைக் கம்ப்யூட்டரில் இணைக்கும் நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்குங்கள்.