தையல் இயந்திரம் கேட்ட சிறு நிதி விண்ணப்பம் திரும்பியது பற்றி

மாற்றுத்திறனாளிகள் எட்டுப் பேருக்குத் தையல் இயந்திரம் கேட்டு நீங்கள் அனுப்பிய சிறு நிதி விண்ணப்பம் திரும்பி வந்ததே, அதற்கு என் யோசனை இது. போக்குவரத்தையும் சைகைமொழி பெயர்ப்பாளர் செலவையும் 'இதர செலவு' என்பதிலிருந்து வெளியே எடுத்து, தனித்தனி வரியாகக் காட்டி மறுபடி அனுப்புங்கள். எட்டுப் பேருக்கு இயந்திரம் கேட்டதற்கு 'சமூக உள்ளடக்கம் (யாரையும் ஒதுக்காமல் சேர்த்துக்கொள்வது) தெளிவாக இல்லை' என்று பதில் வந்தது என்றால், பெரும்பாலும் காரணம் இதுதான்: பட்டியலில் இயந்திரம் இருக்கிறது, அதில் உட்காரப்போகும் ஆள் இல்லை.

சரி, ஒன்று செய்து பாருங்கள். எட்டுப் பேரில் ஒருவரோடு உட்கார்ந்து, அவர் வீட்டைவிட்டுக் கிளம்புவதிலிருந்து கையில் காசு வரும்வரை ஒரு நாளை எழுதுங்கள். எங்கே தடைபடுகிறதோ அதுதான் அடுத்த செலவு வரி. எல்லோருக்கும் தையல்தான் விருப்பமா என்றும் கேட்டுவிடுங்கள். ஐ.நா. 2006இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு சொல்வதும் தானே தேர்ந்தெடுத்த வேலையைத்தான்.

அப்புறம், கட்டட வேலைக்குச் சில நிதிகள் பணம் தருவதில்லை. சாய்தளம் சேர்க்கும் முன் விதிகளைப் படித்துவிடுங்கள்.