வன்முறை சூழ்ந்த பகுதிகளில் இளைஞர்களுக்குத் துணைநிற்பது என்றால் என்ன?

மோதல் நீடிக்கும் இடங்களில், ஆயுதக் குழுக்களின் பிடியில் சிக்கக்கூடிய நிலையில் உள்ள இளையோரைப் படிப்பு, தொழில், மனநல ஆதரவு ஆகியவற்றோடு தொடர்ந்து இணைத்து வைப்பதே இப்பணி. குழுக்கள் அவர்களைக் கொள்கையால் மட்டும் ஈர்ப்பதில்லை. பாதுகாப்பு, வருமானம், தம்மை மதிக்கும் ஒரு கூட்டம் ஆகியவற்றை உடனே தருவதாகச் சொல்லியும் ஈர்க்கின்றன. ஆகவே, அறிவுரை (அது அவர்களுக்கு ஏற்கெனவே வேண்டிய மட்டும் கிடைத்திருக்கும்) போதாது. அதே தேவைகள் வேறு வழியில் நிறைவேற வேண்டும். வெள்ளத்தில் கட்டையைப் பற்றியிருப்பவரிடம் அதை விட்டுவிடுமாறு கரையிலிருந்து கத்துவதைவிட, முதலில் கயிற்றை வீசுவதே பயன் தரும்.

இத்தகைய இளைஞர்கள் அனைவரும் வன்முறையாளர்களாகிவிடுவார்கள் என்பது தவறான எண்ணம். பெரும்பாலோர் எக்குழுவிலும் சேர்வதில்லை என்பதோடு, 2015-ல் நிறைவேறிய ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2250-ஆம் தீர்மானம் இளைஞர்களை அமைதி முயற்சிகளின் பங்காளிகளாகவே ஏற்கிறது.