கணக்குத் தொடங்குகிறார்கள், பயன்படுத்துவதில்லை: ஹாக்கத்தான் வைத்தால் சரியாகுமா?

கேள்வி: கோவையில் இருந்துகொண்டு, ஓடிபி குறுஞ்செய்தி அனுப்பும் ஏபிஐ சேவை (மற்றவர்களின் மென்பொருள் நேரடியாக அழைத்துப் பயன்படுத்தும் இணைப்பு வசதி) நடத்துகிறோம். கணக்குத் தொடங்கும் டெவலப்பர்கள் நிறைய. முதல் செய்தியை அனுப்பிப் பார்ப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஹாக்கத்தான் (பரிசு வைத்து நடத்தும் மென்பொருள் உருவாக்கப் போட்டி) நடத்தி ஆயிரக்கணக்கில் டெவலப்பர்களைச் சேர்த்துத் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. பணம் போடலாமா?

பதில்: இப்போதைக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். உங்களிடம் ஆள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். வந்தவர் நடுவழியில் நின்றுவிடுகிறார். எங்கே நிற்கிறார் என்பது உங்கள் லாகிலேயே (சர்வரின் பதிவேட்டிலேயே) இருக்கிறது. கணக்குத் தொடங்கியது, ஏபிஐ கீ (சேவையை அழைக்கத் தேவையான ரகசியக் குறியீடு) எடுத்தது, முதல் கோரிக்கை அனுப்பியது, முதல் செய்தி போனில் வந்து சேர்ந்தது என்ற நான்கு கட்டங்களிலும் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று எண்ணுங்கள். பிறகு உங்கள் சேவையைப் பார்த்தே இராத ஐந்து பேரை உட்காரவைத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் இருந்து கவனியுங்கள்.

என்ன தெரியவரும் என்பதை ஓரளவு இப்போதே சொல்லலாம். உங்கள் ஆவணத்தில் உள்ள கர்ல் கட்டளை (ஏபிஐக்குக் கோரிக்கை அனுப்பிப் பார்க்கும் ஒற்றை வரி) ஒற்றை மேற்கோள் குறிகளோடு இருக்கும். விண்டோஸ் கமாண்ட் பிராம்ட்டில் அது ஓடாது. போன் எண்ணை இணைய முகவரியில் +91 என்று அப்படியே கொடுத்தால், கூட்டல் குறி வெற்றிடமாக மாறிவிடும். இரண்டுக்கும் உங்கள் சர்வர் ‘தவறான கோரிக்கை’ என்று மட்டும் பதில் தந்தால், டெவலப்பர் தாவலை மூடிவிட்டுப் போய்விடுவார். எந்தப் புலம் தவறு, என்ன வந்தது, எப்படி இருக்க வேண்டும் என மூன்றையும் பிழைச் செய்தியே சொல்ல வேண்டும்.

பெரிய தடை டிஎல்டி, அதாவது வணிகக் குறுஞ்செய்தி அனுப்புவோரைப் பதிவு செய்யும் முறை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி, நிறுவனத்தைப் பதிவு செய்து, ஹெடர் (செய்தியில் தெரியும் அனுப்புநர் பெயர்) வாங்கி, ஒவ்வொரு வாசகத்தையும் டெம்ப்ளேட்டாக ஒப்புதல் பெற்ற பிறகுதான் செய்தி போகும். டெம்ப்ளேட்டில் இல்லாத ஒரு சொல் சேர்ந்தாலே வழியில் நிறுத்திவிடுவார்கள். மோசடிச் செய்தி இன்னமும் வந்துகொண்டேதான் இருக்கிறது. ஒழுங்காகத் தொழில் செய்பவர்தான் படிவம் படிவமாக அலைகிறார். ஐந்து நிமிடம் சோதித்துப் பார்க்க வந்த மாணவர் நிறுவனப் பதிவுக்கு எங்கே போவார்?

அதற்கு ஒரு வழி உண்டு. உங்கள் நிறுவனத்தின் சொந்த ஹெடரில், ‘உங்கள் சோதனைக் குறியீடு (மாறும் எண்)’ என்று உங்கள் நிறுவனப் பெயரோடு ஒரு டெம்ப்ளேட்டுக்கு ஒப்புதல் வாங்குங்கள். கணக்குத் தொடங்கும்போது உறுதிசெய்த தன் சொந்த எண்ணுக்கு மட்டும், நாளொன்றுக்குச் சில முறை, டெவலப்பர் அதை அனுப்பலாம். சொந்த எண்ணுக்கு மட்டும். நண்பர் எண்ணுக்குக் கூடாது, அவருடைய வாடிக்கையாளருக்குக் கூடவே கூடாது. வாசகத்தையும் அவர் மாற்ற முடியக்கூடாது. மாறும் இடத்தில் இலக்கம்தான் போக வேண்டும், எழுத்து போகக்கூடாது. இதைத் தளர்த்தினால் உங்கள் ஹெடரில் மோசடிச் செய்தி போகும், முடக்கப்படுவது நீங்கள். ‘ரெடிமேட் ஹெடர் இருக்கிறது, பதிவே வேண்டாம்’ என்று வரும் ஏஜெண்டுகளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். செய்தி போகாமலே ‘வெற்றி’ என்று பதில் தரும் போலிச் சோதனைச் சூழல் இங்கே போதாது. பணம் செலுத்தும் சேவையான ஸ்ட்ரைப்பின் 4242 சோதனை அட்டைக்கு அது சரி. ஓடிபி விற்பவரிடம் போன் ஒலிக்க வேண்டும்.

இனி ஹாக்கத்தான்காரர். அவர் விற்பது பதிவு எண்ணிக்கை. பரிசுக்காகத் திறந்த கணக்குகளும் ஒருநாள் மின்னஞ்சல்களும் அதில்தான் சேரும். திறந்த மூலத் திட்டங்களுக்குப் பங்களித்தால் டி-ஷர்ட் கொடுத்த ஹாக்டோபர்ஃபெஸ்டிலேயே 2020இல் பயனற்ற புல் ரிக்வெஸ்ட்டுகள் (நிரலில் மாற்றம் சேர்க்கக் கோரும் விண்ணப்பங்கள்) குவிந்தன. அந்தத் திட்டங்களின் பராமரிப்பாளர்கள் கொதித்தெழுந்த பின், விரும்பிச் சேரும் திட்டங்கள் மட்டும்தான் என்று நடுவிலேயே விதியை மாற்றினார்கள். பிறகொரு நாள் நடத்தினாலும், நிகழ்ச்சி முடிந்து 30 நாள் கழித்தும் செய்தி அனுப்பும் கணக்குக்குத்தான் பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பெரும்பாலோர் அந்த வரியிலேயே எழுந்து போய்விடுவார்கள்.

அந்தப் பணத்தில் ஆவணத்தைத் திருத்தவும் டெவலப்பர்களின் கேள்விகளுக்கு அன்றன்றே பதில் எழுதவும் ஒருவரை வையுங்கள். அவரை விற்பனைப் பிரிவின் கீழ் போடாதீர்கள், மாத இலக்கு கேட்டே வேலையைக் கெடுத்துவிடுவார்கள். பொறியாளர்களின் வேலைப் பட்டியலில் தானே பிழையைப் பதிந்து முன்னே நகர்த்தும் அதிகாரம் அவருக்கு வேண்டும்.