டிஎன்ஏ டெஸ்ட்ல தாத்தா ஊரு கண்டுபிடிக்க முடியுமா?

ப்ரோ, ரிசல்ட்ல வெறும் தென்னிந்தியான்னு வந்துச்சு, மலேசியாவுல பினாங்குல கப்பல் எறங்குன தாத்தாவோட ஊரு தெரியலன்னு கேட்டிருக்கீங்க. எந்தப் பகுதி எத்தன பெர்சென்ட்னு காட்டுற அந்தக் கணக்கு கிராமம் வரைக்கும் போகாது, விட்டுருங்க. மேட்ச் லிஸ்ட்ட பாருங்க, அதான் உங்க டிஎன்ஏவோட ஒத்துப்போற ஆளுங்க பட்டியல். ரெண்டு பேருக்கும் பொதுவான டிஎன்ஏவ சென்டிமார்கன்ங்கற அளவுல சொல்வாங்க, அது 230னா செகண்ட் கசின்னு (தாத்தா பாட்டியோட கூடப்பொறந்தவங்க பேரப்புள்ள) காட்டும், ஆனா நம்மாளுங்க தலைமுறை தலைமுறையா மாமன் பொண்ணு, அக்கா மகள்னு சொந்தத்துலயே கட்டுனதால தூரத்து ஒறவுகூட நெருக்கமா தெரியும், அதனால மொத்தத்த மட்டும் நம்பாம பொதுவான டிஎன்ஏல நீளமான ஒரே துண்டு எவ்ளோன்னு பாருங்க, எல்லாம் சின்னச் சின்னதா சிதறி இருந்தா ரொம்பப் பழைய சொந்தம். பட்டர்வொர்த்ல அத்தை இருக்காங்கன்னு சொன்னீங்கல்ல, தயவுசெஞ்சு அவங்களுக்கு மொதல்ல டெஸ்ட் எடுங்க, தாத்தா டிஎன்ஏல பாதி அவங்ககிட்ட இருக்கு, உங்ககிட்ட சுமாரா கால்வாசிதான். ரெண்டு ரிசல்ட்டையும் ஜெட்மேட்ச்ல (GEDmatch, டிஎன்ஏ ரிசல்ட்ட மத்தவங்களோட ஒப்பிட்டுப் பாக்குற வெப்சைட்) ஏத்துங்க, அடிப்படை வசதி ஃப்ரீதான். அப்படியே தாத்தாவோட பழைய பாஸ்போர்ட் வீட்ல கெடக்கான்னும் அத்தைகிட்ட கேளுங்க.