ரேடார் இருந்தும் ஏன் அடி வாங்குகிறது கப்பல்?

கேள்வி: அவ்வளவு பெரிய போர்க்கப்பல், ரேடார், பீரங்கி எல்லாம் இருக்கிறது. அப்புறம் எப்படி ஒற்றை ஏவுகணை வந்து அடித்துவிடுகிறது?

பதில்: பூமி உருண்டையாக இருப்பதால்தான்! ரேடார் அலை ஏறக்குறைய நேராகத்தான் போகும், தொடுவானத்துக்குக் கீழே வளைந்து எட்டிப் பார்க்காது. 20 மீட்டர் உயரத்தில் ரேடார் இருந்தால், அலைகளை உரசாத குறையாக நாலு மீட்டர் உயரத்தில் வரும் ஏவுகணை சுமார் 27 கிலோமீட்டர் தூரத்தில்தான் முதலில் தலைகாட்டும். அது விநாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் வருகிறது என்றால் கையில் இருப்பது ஒன்றரை நிமிடம். அதற்குள் வருவது என்னவென்று தெரிந்து, முடிவெடுத்து, சுட்டும் ஆகவேண்டும்.

ஆனாலும் ஏவுகணையின் சாமர்த்தியத்தைவிட, அசந்திருந்த நேரம்தான் பல கப்பல்களைக் கவிழ்த்தது என்பேன். 1967 அக்டோபரில் எகிப்தின் சின்னப் படகுகள் சோவியத் ஸ்டிக்ஸ் ஏவுகணைகளால் இஸ்ரேலின் எய்லாத் கப்பலை மூழ்கடித்தன. சரி, அது புது ஆயுதம், மன்னித்துவிடலாம். 1973-இல் லதாக்கியா அருகே சிரியா அதே ஸ்டிக்ஸை ஏவியபோது ஒன்றுகூட இஸ்ரேலியப் படகுகள் மேல் படவில்லை. உலோக இழைகளைத் தூவியும் மின்னணுக் குழப்படி செய்தும் ஏவுகணைகளைத் திசை மாற்றிவிட்டார்கள். இந்தப் பாடம் இருந்தும், 1982-இல் அர்ஜென்டினாவுடன் நடந்த ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் ஷெஃபீல்ட் கப்பல் செயற்கைக்கோள் வழியாகப் பேசிக்கொண்டிருந்ததில் அதன் எச்சரிக்கைக் கருவி செவிடாகிப்போன நேரம் பார்த்து எக்சோசெட் ஏவுகணை வந்து தாக்கியது, 20 பேர் பலி. 2006-இல் லெபனான் கரையோரம் அடிபட்ட இஸ்ரேலின் ஹனித் கப்பலில் தற்காப்புக் கருவிகள் இருந்தன, இயக்கத்தில்தான் இல்லை!

கேள்வி: நம் கடற்படை போரில் இந்த மாதிரி ஏவுகணையைப் பயன்படுத்தியிருக்கிறதா?

பதில்: பிரமாதமாக. 1971 டிசம்பர் 4 இரவு நிபாத், நிர்காத், வீர் என்ற மூன்று ஏவுகணைப் படகுகள் கராச்சியை நெருங்கின. இவற்றிலும் இருந்தது ஸ்டிக்ஸ்தான். கடற்படை தினம் டிசம்பர் 4-இல் வருவது இதனால்தான். அன்று மூழ்கிய பாகிஸ்தானின் கைபர் கப்பல் முதல் அடி விழுந்ததும் அனுப்பிய செய்தி என்ன தெரியுமா? எதிரி விமானம் தாக்கிவிட்டது என்று!