வெள்ளைபடுது, அம்மாட்ட சொல்ல வெக்கம் – பதில்
தங்கச்சி, 17 வயசில வெள்ளைபடுறது மட்டும் வருத்தமில்ல, எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கும். ஆனா நீங்க சொன்னமாதிரி ஒரு மாசமா கடியும் (அரிப்பு), தயிர் மாதிரிக் கட்டியும் எண்டா அனேகமா பங்கஸ் (பூஞ்சைத் தொற்று), எங்கட திருகோணமலை வெக்கைக்கு ஈர உடுப்போட நிண்டா இன்னும் கூடும், கல்யாணம் கட்டாத பிள்ளைக்கும் வாறதுதான், அதால ஆரும் என்ன நினைப்பினமோ எண்டு பயப்பட வேணாம். கூட்டாளி தந்து நீங்க பூசுற கிறீமை நிப்பாட்டுங்கோ, உள்ளுக்க சோப் போட்டுக் கழுவுறதையும்தான் (டெட்டோலும் போட்டதா எழுதியிருக்கிறீங்க, ஐயோ!). கெட்ட மணம், அடிவயித்து நோ, காய்ச்சல் இருந்தா உடன ஆஸ்பத்திரி. இல்லாட்டி உங்கட ஏரியா மிட்வைப் மிஸ்ஸிட்ட தனியாக் கதைங்கோ, எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸ்ல கேட்டா ஆர் எண்டு சொல்லுவினம். லேடி டொக்டர் இருக்கிறாவோ எண்டும் கேக்கலாம், என்ன செய்யப்போறா எண்டு முதல்லயே சொல்லச்சொல்லுங்கோ, உங்கட உடம்புதானே. அம்மாட்ட "கடிக்குது" எண்டு மட்டும் சொல்லிப்பாருங்கோ, நான் சொன்னப்போ எங்கட அம்மா தனக்கும் வந்ததாம் எண்டா!